கெண்ட் நகரில் சாப்பிட உட்காரும் முன்

பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் கெண்ட். லெயே, ஸ்கெல்ட் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் வளர்ந்த பழைய ஃப்ளெமிஷ் நகரம். வருகிறவர்களில் பலர் பேராலயத்துக்குப் போய் வான் ஐக் சகோதரர்களின் ஓவியத்தைப் பார்க்கிறார்கள். 1432-இல் முடிந்த ஓவியம் அது. பிறகு க்ராஸ்லை படித்துறையில் படம் எடுத்துக்கொண்டு, வழியில் கிடைத்த வாஃபிளைக் கடித்தபடி அடுத்த ரயிலில் ப்ரூஜுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன். கெண்டைப் பார்த்தால் மட்டும் போதாது, அங்கே இரண்டு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஆனால் கொஞ்சம் பொறுமையோடு உட்கார வேண்டும். நம் நாக்கு முதல் வாயிலேயே காரம், புளி, உப்பு மூன்றையும் எதிர்பார்க்கும். கெண்டின் சமையலில் ருசி அப்படி முன்வாசலுக்கு ஓடி வராது. வெண்ணெய், வெங்காயம், லீக், செலரி, நெடுநேரம் அடுப்பிலிருந்த இறைச்சியின் சாறு, பியரின் மெல்லிய கசப்பு ஆகியவைதான் அங்கே அடித்தளம். மூன்றாவது நான்காவது வாயில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடும். முதல் வாயோடு ‘சப்’பென்று இருக்கிறதென முடிவுகட்டி மிளகுத்தூளைத் தேடினால், அதற்குப் பிறகு வரவிருந்தது எதுவும் கிடைக்காது.

தொடங்க வேண்டியது வாட்டர்சோயில். ஆழமான தட்டில், சூப்புக்கும் குழம்புக்கும் நடுவிலான பதத்தில் வரும். கோழித் துண்டுகள், மெல்லிய குச்சிகளாக நறுக்கிய லீக், கேரட், செலரி, அவித்த உருளைக்கிழங்கு, மேலே பார்ஸ்லி. கோழி வெந்த சாற்றில் கடைசியாக முட்டையின் மஞ்சள் கருவையும் க்ரீமையும் அடித்துச் சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு கொதிக்கவிடக் கூடாது. கொதித்தால் மஞ்சள் கரு திரிதிரியாகிவிடும். சமையல்காரரின் கைப்பக்குவம் தெரிவது இந்தக் கடைசி இரண்டு நிமிடங்களில்தான். தட்டு வந்ததும் வேறெதையும் தொடாமல் சாற்றை மட்டும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வையுங்கள். வழவழவென்று இறங்க வேண்டும். அதன் அடியில் லீக்கின் இனிப்பு, பின்னாலேயே செலரியின் வாசம், எல்லாம் போன பிறகு தொண்டையில் நிற்கும் கோழிச்சாறு. மாவின் ருசி தட்டுப்பட்டால், மஞ்சள் கரு செய்ய வேண்டிய வேலையை மைதாவிடம் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். காய் குழைந்திருக்கக் கூடாது, பல்லில் கடிபட வேண்டும். உருளைக்கிழங்கைக் கரண்டியின் பின்புறத்தால் லேசாக நசுக்கி, சாற்றில் ஊறவிட்டு, கடைசியில் சாப்பிடுவது எனக்குப் பிடித்த முறை.

இந்தக் கோழி பிற்பாடு வந்து சேர்ந்தது. வாட்டர்சோய் முதலில் மீன் உணவு; ஊரைச் சுற்றிய ஆறுகளில் பிடித்த நன்னீர் மீன்களைக் காய்களோடு வேகவைத்தது. தொழிற்சாலைகள் பெருகி ஆறு கெட்டு மீன் அற்றுப்போனபோது கோழி அந்த இடத்தைப் பிடித்தது. இப்போதும் மீன் வாட்டர்சோய் கிடைக்கிறது; அதில் இருப்பது பெரும்பாலும் கடல் மீன். 1500-இல் இதே ஊரில் பிறந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு இந்த உணவின்மேல் தீராத பிரியம், கீல்வாதம் முற்றிய பிறகும் விடவில்லை என்று ஊரில் கதை சொல்வார்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் கோழியும் ஒருவர் மீனும் சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவர்தான் என்றால் என் ஓட்டு கோழிக்கு.

அடுத்தது ஸ்டோவரை. கருப்பு பியரில் வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி. இதன் நுட்பம் ஒரு ரொட்டித் துண்டில் இருக்கிறது. ரொட்டியின் மேல் கடுகு விழுதைத் தடவி, கொதிக்கும் பானையில் மேலாக வைத்துவிடுவார்கள். நேரம் ஆக ஆக ரொட்டி ஊறி, உடைந்து, தடம் தெரியாமல் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கடுகு குழம்புக்குள் இறங்கும். நன்றாக வந்த ஸ்டோவரையில் குழம்பு ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் பளபளக்கும், இறைச்சி கத்தி இல்லாமல் முள்கரண்டிக்கே பிரியும். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் பியரின் கசப்பு என்று வரிசையாக வர வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் நின்றால் சர்க்கரையைக் கொட்டிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கூட வரும் உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகச் சாப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். பாதியையாவது குழம்பில் தோய்த்துச் சாப்பிடத்தான் தருகிறார்கள். குடிப்பவராக இருந்தால், பானையில் எந்த பியர் போனது என்று கேட்டு அதையே ஒரு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். க்ரூன்டன்மார்க்ட் என்ற பழைய காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் டீரன்டைன்-வெர்லென்ட் என்ற சிறிய கடை இருக்கிறது. 1790-இலிருந்து வரும் குடும்பத் தொழில். உள்ளே மரப்பீப்பாய், சுவரெல்லாம் பழைய ஜாடிகள். கேட்ட அளவுக்குப் பீப்பாயிலிருந்து அள்ளி, கண்ணாடி ஜாடியில் நிரப்பித் தருவார்கள். கெடாமலிருக்க எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிடுகிறோம். சூட்டில் அதன் காரம் அடங்கி, வறுத்த வாசம் நிற்கும். இவர்கள் சூடுபடுத்தாமல் அரைத்து வினிகரோடு கலக்கிறார்கள். கடுகு நசுங்கி ஈரம் பட்டவுடன் பிறக்கும் அந்தக் காரம் அப்படியே ஜாடிக்குள் இருக்கும். நுனிநாக்கில் ஒரு துளி வைத்தால் நேராக மூக்குக்கு ஏறி, கண்ணில் நீர் வரவழைத்து, சட்டென்று மறையும். சாந்தமான இந்தச் சமையலில் கூரான ஒரே பொருள் இதுதான். முதலில் இதைச் சுவைத்துவிட்டு ஸ்டோவரை சாப்பிடப் போனால், குழம்புக்குள் கடுகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

அதே சதுக்கத்தின் ஓரத்தில் நீளமான பழைய கட்டடம் ஒன்று நிற்கும். 1407-இல் தொடங்கி 1419-இல் முடிந்த பெரிய இறைச்சி மண்டபம். ஊரில் இறைச்சி விற்பதற்கு உரிய இடமாக, நகர நிர்வாகத்தின் கண்காணிப்பில் இருந்தது. சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன; மண்டபத்துக்குள் போகாத குடல், ஈரல் போன்றவை ஏழைகளுக்காக விற்கப்பட்டது அங்கேதான். பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது கான்டா ஹாம். பக்கத்து டெஸ்டல்பெர்கனில் கடல் உப்பு மட்டும் இட்டு மாதக்கணக்கில் முதிரவிடுவது. தாள்போலச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு சாப்பிட்டால் போதும்.

சைவ உணவுக்காரர்கள் இதுவரை படித்துச் சோர்ந்திருக்கலாம். உண்மையில் ஐரோப்பாவில் அவர்களை முதலில் நினைத்துப் பார்த்த நகரங்களில் ஒன்று கெண்ட். 2009 மே மாதம் வியாழக்கிழமையைச் சைவ நாளாக நகராட்சியே அறிவித்தது. பள்ளிகளிலும் அன்று சைவச் சாப்பாடு பரிமாறத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு சைவச் சமையல் இங்கே சடங்குக்கு ஒரு சாலட்டாக இல்லாமல் நிஜமான சமையலாக வளர்ந்திருக்கிறது. காளான் போட்ட ஸ்டோவரைகூட உண்டு. வசந்த காலத்தில் போனால் வெள்ளை ஆஸ்பராகஸை விடாதீர்கள். மண்ணுக்குள்ளேயே வெயில் படாமல் வளர்த்து எடுத்த தண்டு. அவித்து, மேலே பொடியாக நறுக்கிய முட்டை, உருக்கிய வெண்ணெய், பார்ஸ்லி. ஜூன் 24-ஆம் தேதியோடு பருவம் முடியும் என்பது மரபு. ஒரு எச்சரிக்கை: ஃப்ரிட்டூர் என்ற வறுவல் கடைகளில் உருளைக்கிழங்கை இரண்டு முறை பொரிப்பார்கள். அந்த மொறுமொறுப்புக்கு மாட்டுக் கொழுப்பும் ஒரு காரணம். எல்லாக் கடையிலும் அப்படியில்லை. எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சூப்பின் சாறு எதில் செய்தது என்றும் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கே உட்காருவது? க்ராஸ்லை கரையில் மாலை வெயிலில் ஒரு பானம் குடிக்கலாம். லெயே வழியாக வந்த தானியப் படகுகளை நிறுத்தி, நகரத்துக்கென ஒரு பங்கை இறக்கிய துறைமுகம் அது. தானியக் கிடங்குகூட இன்னும் நிற்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கு, ஊரின் பழைய கோட்டைக்குப் பின்னால் இருக்கும் பாட்டர்ஸ்ஹோல் சந்துகளுக்குப் போங்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடுபவர்களும் பிறகு ஆலைத் தொழிலாளிகளும் வாழ்ந்த குறுகலான தெருக்கள், இன்று வரிசையாகச் சின்ன உணவகங்கள். படம் போட்டு ஆறு மொழியில் அச்சடித்த மெனு இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். கரும்பலகையில் கையால் எழுதிய நான்கைந்து பெயர்கள் இருந்தால் நில்லுங்கள். மதியம் 12 முதல் 2 வரை, மாலை 6 மணிக்கு மேல் என்றுதான் பெரும்பாலான அடுப்புகள் எரியும். நடுவில் போனால் பசியோடு திரும்ப வேண்டியதுதான். டாக்ஸ்கோட்டல் என்ற அன்றைய மதியத் தட்டு விலையும் குறைவு, புதிதாகவும் இருக்கும். சேவைக்கான தொகை பில்லிலேயே அடக்கம்.

பியர் பற்றிக் கொஞ்சம். 2016-இல் பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்று ஒரு கண்ணாடிக் கோப்பை உண்டு. வ்ரைடாக்மார்க்ட் சதுக்கத்தில் டுல்லெ க்ரீட் என்ற கடையில் பெரிய கோப்பையில் பியர் கேட்டால், ஈடாக ஒரு காலணியைக் கழற்றித் தர வேண்டும். கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். வேடிக்கைக்கு அது சரி. ருசிக்கு க்ரூட்டைத் தேடுங்கள். 2009-இல் தொடங்கிய இந்த மதுவடிப்பகத்தார், ஹாப்ஸ் பரவுவதற்கு முன்பிருந்த வழியில் மூலிகைகளைச் சேர்த்து பியர் செய்கிறார்கள். இன்னொன்று கெண்ட்ஸெ ஸ்ட்ரோப். 1540-இல் வரி கொடுக்க மறுத்துக் கிளர்ந்த கெண்ட் மக்களை அதே ஐந்தாம் சார்லஸ் கழுத்தில் தூக்குக் கயிறோடு தன்முன் நடக்கவைத்தார். ஜூலை மாத ஊர்த் திருவிழாவில் அந்தக் கயிற்றைப் பெருமையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கலாம். பியருக்கும் அதன் பெயர்தான்.

இனிப்பில் இரண்டு போதும். க்யூபர்டான் கூம்பு வடிவ ஊதா மிட்டாய். மேலே ஓடு, உள்ளே ராஸ்ப்பெரிப் பாகு. நாளானால் பாகு சர்க்கரையாக உறைந்துவிடும், ஆகவே மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுவரத் தோதானதில்லை. மாஸ்டல் என்பது நடுவில் குழி விழுந்த லவங்கப்பட்டை வாசமுள்ள பன். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியாலேயே அழுத்திச் சூடாக்கித் தருவது பாட்டர்ஸ்ஹோல் திருவிழாவின் வழக்கம். உருகிய சர்க்கரை ஓரத்தில் கருகி மொறுமொறுவென்று நிற்குமே, அந்த ஓரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் ஊரை விட்டு வெளியே போங்கள். வாடகை சைக்கிளில் லெயே ஆற்றை ஒட்டி மேலே போனால் ஆஃப்ஸ்னே, சின்ட்-மார்ட்டன்ஸ்-லாத்தெம், டர்லெ என்று கிராமங்கள் வரும். ஆறு வளைந்து வளைந்து போகும், கரையெல்லாம் புல்வெளி. நூறாண்டுக்கு முன் ஓவியர்கள் குடியேறிய பகுதி இது; இன்று பணக்காரர்களின் வீடுகள், உணவகங்களின் விலையும் அதற்கேற்பத்தான். அதற்காகத் தயங்க வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குக் காப்பியும் பழுப்புச் சர்க்கரை தூவிய பான்கேக்கும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை மேசையில் உட்காருவது உள்ளூர்க்காரர்களே ஞாயிறுதோறும் செய்வதுதான்.

கிழக்கே ஸ்கெல்ட் பக்கம் டொங்க்மேர் ஏரி. ஆற்றின் பழைய வளைவு தனித்துப்போய் ஏரியானது. கரையெல்லாம் விலாங்கு உணவகங்கள். செர்வில், சாரல், பார்ஸ்லி என்று பல கீரைகளை அரைத்த பச்சைக் குழம்பில் விலாங்குத் துண்டுகள். கொழுப்பு நிறைந்த மீன், அதை வெட்டும் புளிப்புக் கீரை: அருமையான சேர்க்கை. ஆனால் ஐரோப்பிய விலாங்கு இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். பண்ணையில் வளர்த்தாலும் அதன் குஞ்சுகளை இயற்கையிலிருந்தே பிடிக்கிறார்கள். ஆகவே நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பச்சைக் குழம்பை வேறு மீனோடு தருகிற இடம் கிடைத்தால் அங்கே சாப்பிடுங்கள்; ரசிக்க வேண்டிய விஷயம் குழம்பில்தான் இருக்கிறது.

தெற்கே ஔடனார்டெ, பழுப்பு பியருக்குப் பேர்போன ஊர். பழையதையும் புதியதையும் கலந்து புளிப்பும் இனிப்புமாகச் செய்வார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் டெண்டர் ஆற்றங்கரையில் கெரார்ட்ஸ்பெர்கன். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு அதன் செங்குத்தான கற்சாலை தெரியும், நமக்கு மாத்தன்டார்ட். கறந்த பாலை மோர் விட்டுத் திரியவைத்து, வடிகட்டிய கட்டியோடு முட்டையும் சர்க்கரையும் பாதாமும் சேர்த்து, பல அடுக்கு மாவுக்குள் வைத்துச் சுடும் கையகலத் தின்பண்டம். இந்த ஊரிலும் பக்கத்து லீர்டெயிலும் செய்தால் மட்டுமே கெரார்ட்ஸ்பெர்கன் பெயரைப் போட ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி உண்டு. கெண்டிலிருந்து ரயிலிலேயே போகலாம். காலையில் சீக்கிரம் போய், சுட்ட சூடு ஆறுவதற்குள் கடையிலேயே ஒன்றைக் கடியுங்கள். மேல் மாவு உதிர்ந்து சட்டையில் கொட்டும், உள்ளே இருப்பது ஈரமாக, அளவான இனிப்போடு, பால் வாசத்தோடு இருக்கும். மறுநாளைக்கென்று எடுத்து வைத்தால் அந்த மாவு நமுத்துவிடும். எத்தனை சாப்பிட முடியுமோ அத்தனை மட்டும் வாங்குங்கள்.