பந்துவீச்சில் போட்ட பணம்: திருப்பூர் தமிழன்ஸ் அணி கட்டப்பட்ட விதம்

தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டி.என்.பி.எல்.) எட்டு அணிகளில் ஒன்றான ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ், 2025 ஜூலை 6 அன்று நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2023இல், பிளே-ஆஃப் சுற்றுக்கே வராத அணி இது. 2024இல் இரண்டாவது குவாலிஃபையர் வரை வந்து நின்றது. இந்த ஏற்றத்துக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். ஆனாலும், பந்துவீச்சுக்குப் பெரும்பணம், தொடக்க ஜோடிக்கு முழுச் சுதந்திரம், நடுவரிசையில் சிக்கனம் என்ற தெளிவான கணக்கு ஒன்று இந்த அணியில் தெரிகிறது. அந்தக் கணக்கின் வலுவையும் ஓட்டையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் ஆடுகளத்துக்கு வெளியே உள்ள நிலைமை. இந்தத் தொடரில் வெளிமாநில வீரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இடமில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் ஆடுபவர்களையே எட்டு அணிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2022 வரை வீரர்கள் வரிசைமுறைத் தேர்வில் எடுக்கப்பட்டார்கள், 2023இல்தான் ஐ.பி.எல். பாணி ஏலம் வந்தது. அந்த முதல் ஏலத்தில் ஓர் அணிக்கான வரம்பு 70 லட்சம் ரூபாய். அதற்குள் பதினாறு பேருக்குக் குறையாமல் சேர்த்தாக வேண்டும். வீரர்களின் வட்டம் சிறியது, பணமும் அளவானது. ஒருவருக்கு அள்ளிக்கொடுத்தால் இன்னொரு இடத்தில் கையைக் கடிக்கும். ஆகவே யாருக்கு அள்ளிக்கொடுப்பது என்பதில்தான் ஓர் அணியின் சிந்தனை வெளிப்படுகிறது.

2023 ஏலத்தில் லைகா கோவை கிங்ஸ் மட்டையாளரான சாய் சுதர்சனுக்கு 21.60 லட்சம் கொடுத்தது. திருப்பூர் 13 லட்சத்துக்கு இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆர். சாய் கிஷோரை எடுத்தது. அடுத்த ஆண்டு ஏலத்தில் அதே சாய் கிஷோரை 22 லட்சத்துக்கு மீண்டும் வாங்கியது. 70 லட்சம் என்ற அளவுகோலில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளரால் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது. மட்டையாளரோ இருபது ஓவரும் நிற்கலாம். அப்படிப் பார்த்தால் இந்த விலை வீண்செலவாகவே தோன்றும். ஆனால் சாய் கிஷோரின் நான்கு ஓவர்கள் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லைக்கோட்டருகே இருவர் மட்டுமே நிற்கும் பவர்பிளேயிலும் புதுப்பந்தை வாங்கி வீசக்கூடியவர் அவர். உயரத்திலிருந்து வேகமாக, ஸ்டம்பை விட்டு விலகாமல் இறங்கும் பந்துக்குக் கையை வீச இடமிருக்காது. 2021 நவம்பரில் சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதிப்போட்டியில் கர்நாடகத்துக்கு எதிராக 12 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்தது இந்த முறையில்தான். 2025இல் அணியின் தலைவரும் அவரே என்பதால், தன் ஓவர்களை எப்போது செலவழிப்பது என்ற முடிவும் அவர் கையில் இருந்தது.

மட்டையாளருக்குப் பணம் போடுவது தவறான வழி என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. 2023 கோப்பை கோவைக்குத்தான் போனது. ஆனால் அந்த வழியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ரன் குவிக்கும் இளைஞர் இந்திய அணிக்குப் போய்விடுவார், டி.என்.பி.எல். பெரும்பாலும் நடக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணக் காலம். சாய் சுதர்சன் 2025 ஜூன் 20 அன்று லீட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடியபோது இங்கே லீக் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இந்திய அணியின் வாசலில் நின்றபடி, ஜூன் மாதத்தில் ஊரிலும் இருக்கக்கூடிய திறமைசாலிக்கே இந்த ஏலத்தில் உண்மையான மதிப்பு. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸுக்காக 19 விக்கெட் எடுத்த சாய் கிஷோர், இறுதிப்போட்டி வரை திருப்பூருடன் இருந்தார்.

அவரைச் சுற்றி அடுக்கப்பட்ட பந்துவீச்சும் இதே அளவுக்குக் கவனத்துக்குரியது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜனைத் திருப்பூர் 2024 ஏலத்தில் 11.25 லட்சத்துக்கு எடுத்தது. 2025 ஐ.பி.எல்.லுக்காக டெல்லி அணி அவருக்குக் கொடுத்த விலை 10.75 கோடி, அங்கே பெரும்பாலான ஆட்டங்களில் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இவர்களோடு இசக்கிமுத்து, மதிவாணன், மோகன் பிரசாத், சிலம்பரசன் என்று பெரிய விளம்பரம் இல்லாதவர்கள் சேர்ந்தார்கள்.

இந்தக் கூட்டணி எப்படி வேலை செய்தது என்பதை 2025 ஜூன் 8 அன்று கோவையில் திண்டுக்கல்லுக்கு எதிராக நடந்த லீக் ஆட்டத்தில் அருகிலிருந்து பார்க்கலாம். திண்டுக்கல் 93 ரன்னில் சுருண்டது. அதிக விக்கெட் எடுத்தவர் சாய் கிஷோரோ நடராஜனோ அல்ல. வேகப்பந்து வீச்சாளர் இசக்கிமுத்து, 26 ரன் கொடுத்து 4 விக்கெட். முன்னணி வீச்சாளர்களிடம் ரன் எடுக்க முடியாத மட்டையாளர்கள் அடுத்தவரிடம் அதை ஈடுகட்டப் பார்ப்பார்கள். அந்த அடுத்தவரும் சரியான இடத்தில் வீசினால் விக்கெட் அவருக்கு விழும். பனியன் கம்பெனியில் தையல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், அடுத்துள்ள பேட்லாக் இயந்திரத்தில் ஒருவர் தடுமாறினால் பீஸ் அங்கேயே குவிந்துவிடும். பந்துவீச்சு வரிசைக்கும் இது பொருந்தும். திருப்பூரின் ஐந்தாவது, ஆறாவது வீச்சாளர்கள் அப்படித் தேங்கவில்லை என்பதே இந்த அணியின் ஆகப்பெரிய பலம். விலைப்பட்டியலை மட்டும் வைத்து அணியை எடைபோடுகிறவர் கண்ணில் இது படவே படாது.

மட்டைவீச்சில் அணி காட்டியது பொறுமை. இடதுகை ஆட்டக்காரரும் விக்கெட் கீப்பருமான துஷார் ரஹேஜா 2024இலும் இதே அணியில் ஆடியவர். 2025இல் அவர் 9 இன்னிங்ஸில் எடுத்தது 488 ரன். வேகம் நூறு பந்துக்கு 185 ரன்னுக்கு மேல். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. கீப்பரே தொடக்க ஆட்டக்காரராக இருந்தால் பதினொருவரில் ஓர் இடம் மிச்சம். அந்த இடத்தில் இன்னொரு பந்துவீச்சாளரைச் சேர்க்கலாம். ஆல்ரவுண்டர் விஜய் சங்கர் 2025இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்குப் போன பிறகும் அணியின் சமநிலை குலையாததற்கு இது முக்கியக் காரணம்.

இந்த அமைப்புக்கு உண்மையான சோதனை பிளே-ஆஃபில் வந்தது. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களையும் வென்றிருந்த சேப்பாக்கை முதல் குவாலிஃபையரில் 79 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது திருப்பூர். இறுதியில் 220 ரன் குவித்து, எதிரணியை 102 ரன்னில் சுருட்டியது. இரண்டிலும் ஒரே வார்ப்பு: மட்டைவீச்சில் வெடி, பிறகு பந்துவீச்சாளர்கள் பங்கிட்டுப் போடும் முடிச்சு. நெருக்கடி மிகுந்த ஆட்டங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வெல்வது அபூர்வம்.

குறையும் அதே எண்களுக்குள் இருக்கிறது. இறுதியின் 220 ரன்னில் தொடக்க ஜோடியான ரஹேஜா 77, அமித் சாத்விக் 65; இருவருமாக 142. ஜூன் 8 ஆட்டத்திலும் இலக்கை ஒரே விக்கெட் இழப்பில் எட்டியாயிற்று. நடுவரிசைக்கு உண்மையான வேலை வந்த நாட்கள் குறைவு. தொடக்க ஜோடி சீக்கிரம் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் நடந்த இரண்டாவது குவாலிஃபையர் உணர்த்தியது. அன்று திருப்பூர் 108 ரன்னில் சுருள, இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி அடித்த ரன்களோடு திண்டுக்கல் 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்தப் பள்ளம் 2025இல் மூடப்பட்டிருந்தது என்பது உண்மை. நிரப்பப்பட்டதா என்பதற்கு அந்தத் தொடரில் போதிய சான்று இல்லை.

வீரர்களை எடைபோடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழே ஆட்டங்கள். ஆறாவதாக இறங்கும் ஒருவர் தொடர் முழுவதிலும் ஐம்பது பந்து சந்தித்தாலே அதிகம். அதை வைத்து அவரை வெளியேற்றுவதும், இரண்டு நல்ல ஓவருக்காக ஒருவரின் விலையை உயர்த்துவதும் இந்தத் தொடரில் எல்லா அணிகளும் செய்கிற தவறு. சென்னையின் டிவிஷன் ஆட்டங்களிலும் மாவட்ட ஆட்டங்களிலும் ஆண்டு முழுவதும் அவர் என்ன செய்கிறார் என்பதே நம்பத்தக்க அளவு. ரஹேஜா விஷயத்தில் கிடைத்த பலனைப் பார்த்தால், நடுவரிசை இளைஞர்களுக்கும் இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கொடுப்பது நியாயம்.

வெற்றியே கொண்டுவரும் நெருக்கடி இன்னொன்று. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 2005 முதல் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2010இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற சிகாகோ பிளாக்ஹாக்ஸ், வெற்றியால் சம்பளம் உயர்ந்த வீரர்கள் பலரை அந்தக் கோடைக்குள்ளேயே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆனால் மைய வீரர்களை விடாமல் வைத்து 2013இலும் 2015இலும் மீண்டும் வென்றது. வரம்புக்கு உட்பட்ட எந்தத் தொடரிலும் இதே நிலைதான். இசக்கிமுத்துவைப் போன்றவர்கள் குறைந்த விலையில் கிடைத்தது, அவர்களை அதிகம் பேர் கவனிக்காதவரைதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஊரோடு உள்ள உறவு. இந்த அணி 2016இல் காரைக்குடி காளை என்ற பெயரில் தொடங்கி, 2021 தொடரிலிருந்து திருப்பூர் பெயரில் ஆடுகிறது. பெயர் மாறிய பிறகும் 2025 வரை திருப்பூரில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. 2025இல் ஆட்டங்கள் நடந்தவை கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் மைதானங்களில். திருப்பூர்க்காரர் தன் ஊர் அணியைப் பார்க்க ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கோவைக்குப் போக வேண்டும். வார நாளில் ஷிப்ட் முடித்துப் போய்த் திரும்புவது பனியன் தொழிலாளிக்கு நடக்கிற காரியமல்ல. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கொடுக்கும் ஊருக்கு மின்விளக்கும் புல்தரை ஆடுகளமும் கொண்ட ஒரு மைதானம் எட்டாத செலவல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்தில் போட்டி ஆடும் இளைஞர்கள் இந்த ஊரில் ஏராளம். நடராஜனும் டென்னிஸ் பந்திலிருந்து வந்தவர்தான். அப்படி ஒருவரை அணி தன் பெயர் தாங்கிய ஊரிலேயே தேடுவதற்கு, ஆண்டு முழுவதும் இயங்கும் தேர்வு முகாமும் லெதர் பந்தில் பயிற்சி தரும் வலைகளும் வேண்டும். ஏலத்தில் காட்டிய கணக்கும் பொறுமையும் இந்தப் பக்கம் இன்னும் திரும்பவில்லை.