பக்கலோனியின் கிழவர்கள்

நாவலில் கதாநாயகனை எழுதுவது அவ்வளவு கஷ்டமான காரியமில்லை. அவனுக்கு ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை, இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் என்று வைத்துவிட்டால், பாதி வேலையை அவனே பார்த்துக்கொள்வான். கூடத்து மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் கிழவர் இருக்கிறாரே, அவரை எழுதுவதுதான் கஷ்டம். அவருக்கு ஆசை எதுவும் பாக்கியில்லை. கதையை நகர்த்துவதும் அவர் பொறுப்பில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் வீடு வீடாக இராது.

என் நாவல் ஒன்று தொடர்கதையாக வந்துகொண்டிருந்தபோது, அதில் வரும் மாமா ஒருவரைக் 'கொஞ்சம் குறைக்கலாம்' என்று பத்திரிகைக்காரர்கள் யோசனை சொன்னார்கள். குறைத்தேன். கதை வேகமாக ஓடியதென்னவோ உண்மை. ஆனால் ஓடியது எதற்காக என்பது கடைசியில் எனக்கே விளங்கவில்லை. அந்த வருத்தம் மனத்தில் இருப்பதால்தான், இப்படிப்பட்ட மாமாக்களையும் கிழவர்களையுமே ஆயுள் முழுவதும் நடித்துக் காட்டிய ஒரு பாடகரைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றியது.

சல்வத்தோரே பக்கலோனி 1900-ஆம் ஆண்டு ரோமாபுரியில் பிறந்தவர். சிறு பிராயத்தில் சிஸ்டைன் தேவாலயப் பாடகர் குழுவில் பயின்ற குரல் அவருடையது. பிறகு கட்டடக் கலை படித்தார். ஜுசெப்பே காஷ்மன் என்ற பாடகர் அவரைச் சங்கீதத்தின் பக்கம் திருப்பினார். 1922-இல் ரோமிலேயே, ரோஸினியின் 'செவில் நகர நாவிதன்' ஆப்பராவில் டாக்டர் பார்ட்டலோவாக மேடையேறினார். வயது இருபத்திரண்டு, வேஷமோ, தான் வளர்க்கும் பெண்ணையே மணக்கத் துடிக்கும் கிழவர்! அன்று போட்ட நரை கடைசிவரை கலையவில்லை.

1926-இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்குக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒரு புத்திமதி கிடைத்தது. சொன்னவர் சாதாரண ஆளில்லை, டோஸ்கனினி. ஹாஸ்யப் பாத்திரங்களையே உன் துறையாக வைத்துக்கொள் என்றார். மந்தர ஸ்தாயியில் கனத்து ஒலிக்கும் சாரீரம் உடையவர்களுக்கு ஆப்பராவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அரசர்கள், மதகுருமார்கள், சாத்தான் ஆகியோருக்கு உரிய ராஜபாட்டை. மற்றொன்று விகடக் கிழவர்களின் சந்து. இத்தாலியர்கள் இதற்கு 'பஸ்ஸோ பூஃபோ' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தச் சந்தில் நுழைந்தவனுக்குக் காதலி கிடைக்கமாட்டாள். கம்பீரமான மரணமும் கிடைக்காது. இருபத்தாறு வயது இளைஞனிடம் போய் இதைச் சொன்னால் மனம் சுருங்கத்தான் செய்யும். பக்கலோனி கேட்டுக்கொண்டார். அந்தச் சந்திலேயே ஒரு மாளிகை கட்டினார் என்பதுதான் அவருடைய கதை.

அவர் குரலை இன்று நாம் ஒலிப்பதிவுகளில்தான் கேட்க முடியும். 1936-இல் இங்கிலாந்தில், க்ளைண்ட்போர்ன் விழாக் குழுவினர் ஃப்ரிட்ஸ் புஷ் தலைமையில் மோஸார்ட்டின் 'டான் ஜியோவானி'யைப் பதிவு செய்தார்கள். அதில் வேலைக்காரன் லெப்போரெல்லோவாகப் பாடியிருப்பவர் பக்கலோனி. எஜமானனால் கைவிடப்பட்ட எல்விரா என்ற பெண்ணிடம் அவன் ஒரு ஜாபிதா வாசிக்கிறான். எஜமானனின் காதலிகள் இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்ஸில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் மட்டும் 1,003. இதைப் பாடும்போது தானே சிரித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. பக்கலோனி அப்படிச் செய்வதில்லை. பேரேட்டைப் புரட்டும் குமாஸ்தாவைப் போல் காரியமே கண்ணாகக் கூட்டிக்கொண்டு போகிறார். எண்கள் ஏற ஏற நமக்குச் சிரிப்பு வருகிறது. பாட்டின் பிற்பகுதியில் காலப்பிரமாணம் தளர்கிறது. அங்கே குரலை அவர் மெல்ல இழைக்கும்போதுதான், எதிரே ஒரு பெண் நின்று இத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது நினைவுக்கு வருகிறது. சிரித்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. சிரிக்க வைத்துவிட்டு, சிரித்தவனைச் சங்கடப்படுத்தவும் தெரிந்தவன்தான் பெரிய விகடக்காரன்.

1940 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கு அவரை வரவேற்றது. 1962 வரையில் அங்கே ஏறக்குறைய 300 தடவை மேடையேறினார். அவருடைய புகழுக்கெல்லாம் சிகரம் டோனிஸெட்டியின் 'டான் பாஸ்குவாலே'. பணக்காரக் கிழப் பிரம்மசாரி ஒருவர், பேச்சைக் கேட்காத மருமகனுக்குச் சொத்துப் போய்விடக் கூடாதென்று தாமே கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்புகிறார். வந்து வாய்த்தவளோ, அந்த மருமகனின் காதலியே வேஷம் போட்டு வந்தவள். பொய்க் கல்யாணம் முடிந்த கணமே பூனை புலியாகிவிடுகிறது.

மூன்றாம் அங்கத்தில் ஒரு கட்டம். இரவில் நாடகம் பார்க்கப் புறப்படும் 'மனைவி'யைக் கிழவர் தடுக்கிறார். அவள் கன்னத்தில் அறைந்துவிடுகிறாள். அதுவரை துள்ளி விளையாடிய சங்கீதம் அப்படியே நின்று, தாழ்ந்து, வேறு நிறம் கொண்டுவிடுகிறது. கிழவர் தம் காலம் முடிந்துவிட்டதென்று உணர்கிறார். அறைந்தவளுக்கும் மனம் நோகிறது. 1940-களில் மெட்ரோபாலிடனிலிருந்து வானொலியில் ஒலிபரப்பான நிகழ்ச்சியின் பதிவைக் கேட்டால், பக்கலோனி மற்ற இடங்களில் எவ்வளவு தாராளமாக விகடம் பண்ணுகிறார் என்பது தெரியும். சில இடங்களில் மிகை என்றே சொல்லலாம். ஆனால் அந்த அறைக்குப் பிறகு மிகை இல்லை. அந்த இடத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் ஆடினாரோ என்று தோன்றும்.

இப்படிப்பட்டவர் சினிமாவுக்குப் போனார். ஆப்பராக்காரர்கள் சினிமாவுக்குப் போவது புதிதில்லை. 1918-இலேயே காருஸோ ஒரு படத்தில் நடித்தார். உலகமே கேட்கக் காத்திருந்த குரலை ஊமைப் படத்தில் வைத்துக் காட்டிய அதிசயம் அது! ரோமிலேயே பிறந்த எட்ஸியோ பின்ஸா, மெட்ரோபாலிடனில் இருபதாண்டுகளுக்கு மேல் ராஜபாட்டையில் நடந்த பெரிய பாடகர். 1949-இல் 'சௌத் பஸிபிக்' நாடகத்தில் நியூயார்க்கையே மயக்கினார். ஆனால் அவரை ஹாலிவுட் 1951-இல் காதல் நாயகனாக்கியபோது அது எடுபடவில்லை. நாயகனாகப் போனவர் தோற்ற இடத்தில், கிழவராகப் போனவர் நிலைத்தார்.

அதற்குச் சாட்சி 1956-இல் வந்த 'ஃபுல் ஆஃப் லைஃப்'. ஜான் ஃபான்டே தம் நாவலைத் தாமே திரைக்கதையாக்கினார்; ரிச்சர்ட் குவைன் இயக்கினார். இளம் தம்பதி புதிதாக வீடு வாங்குகிறார்கள். கர்ப்பிணியான மனைவி, கரையான் அரித்த சமையலறைத் தரையில் கால் உள்ளே போய் விழுந்துவிடுகிறாள். பழுது பார்க்கப் பணமில்லை. எழுத்தாளனான மகன், கல் வேலையில் ஆயுளைக் கழித்த இத்தாலியத் தகப்பனாரை அழைத்து வருகிறான். அவர் வருகிறார், ஓட்டையைப் பார்க்கிறார், அதை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்தில் பெரிய கல் கணப்பு ஒன்றைக் கட்டத் தொடங்குகிறார்! பேரன் பிறக்கப் போகும் வீட்டுக்கு எது முக்கியம் என்பதில் அவருக்குத் தனி அபிப்பிராயம் இருக்கிறது. மகனும் மருமகளும் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்ளாததும் அவர் கணக்கில் ஓர் ஓட்டைதான்.

ஃபான்டேயின் சொந்தத் தகப்பனாரும் இத்தாலியின் அப்ருத்ஸி பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் கொத்து வேலை செய்தவர். ஆகவே பாத்திரத்தில் ரத்தம் இருந்தது. நடித்தவரோ இளமையில் கட்டடக் கலை படித்தவர். இது தற்செயல்தான். ஆனாலும் கல்லைப் பற்றிப் பேசும்போது அந்தக் கிழவரின் முகத்தில் வரும் பிடிவாதத்தை வெறும் விகடமென்று தள்ள முடியவில்லை.

மேடையில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதைத் தாளம் தீர்மானித்துவிடும். சினிமாவில் அந்தத் தாளம் இல்லை. பக்கலோனியின் மற்றப் படங்களில் இந்தக் குறை தெரிகிறது. சுமார் 3,600 பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய கையசைப்பை, முகத்துக்கு நேரே நிற்கும் காமிராவிடம் காட்டினால் என்ன ஆகும்? 'ஃபுல் ஆஃப் லைஃப்' படத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கல் எடுப்பது, வைப்பது, தள்ளி நின்று பார்ப்பது, ஒரு வாய் மது அருந்துவது. இந்த வேலையே தாளமாகிவிட்டது. ஜூடி ஹாலிடே போன்ற நுட்பமான நடிகை மருமகளாக எதிரே இருந்ததும் உதவியது. மகனிடம் எரிந்து விழுபவர் மருமகளிடம் இளகுகிறார்.

அதற்குப் பிறகு கிடைத்தவையெல்லாம் இந்த வேஷத்தின் நகல்கள். 1958-இல் 'மெரி ஆண்ட்ரூ'வில் டானி கேயுடன் சர்க்கஸ் குடும்பத்துப் பெரியவர். அதே ஆண்டு 'ராக்-அ-பை பேபி'யில் ஜெரி லூயிஸுடன் இத்தாலியத் தகப்பனார். 1962-இல் 'த பிஜன் தட் டுக் ரோம்' படத்தில் மறுபடியும் ஒரு ரோமானியத் தகப்பனார். நடுவே 1961-இல் 'ஃபேனி'. இதில் ஒரு வேடிக்கை. 'ஃபேனி' 1954-இல் பாட்டு நாடகமாக மேடையேறியபோது ஸேஸார் வேஷத்தில் பாடியவர் பின்ஸா. படமெடுத்தபோது பாட்டுகளை எடுத்துவிட்டு, மெட்டுகளை மட்டும் பின்னணியில் வைத்துக்கொண்டார்கள். ஆக, மார்ஸேல்ஸ் துறைமுகக் கிழவர்களில் ஒருவராகப் பக்கலோனி வருகிறார், பாடாமல் வருகிறார். மோரிஸ் ஷெவாலியேயும் அதில் இருக்கிறார், அவரும் பாடவில்லை. இரண்டு பாடகர்களைச் சும்மா உட்கார வைத்த படம்!

பருத்த உடம்பையும் இத்தாலியக் கொச்சை ஆங்கிலத்தையும் வைத்து ஹாலிவுட் அவரை ஓர் அச்சில் வார்த்துவிட்டது என்று குறை சொல்லலாம். அதில் நியாயமுண்டு. 'இத்தாலியன் என்றால் மது, சத்தம், குடும்பம்' என்ற சோம்பேறித்தனத்துக்கு இந்தப் படங்கள் துணை போயிருக்கின்றன. ஆனால் அச்சு என்பது பக்கலோனிக்கு அமெரிக்கா தந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தெருக்கூத்தில் பாண்டலோனே என்ற கஞ்சக் கிழ வியாபாரி இருந்தான். பாஸ்குவாலே அவன் வம்சம். கணப்புக் கட்டும் கொத்தனாரும் தூரத்துப் பேரன்தான். அச்சைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அச்சுக்குள்ளே ஒரு மனிதனுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் தேடினார். டோனிஸெட்டியிடம் இருந்தது, ஃபான்டேயிடம் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை. அது நடிகரின் குற்றமில்லை, எழுதியவர்களின் குற்றம்.

'பாடகராக இருந்து நடிகரானவர்' என்று அவரைச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. படங்களில் நடித்த அந்த ஆண்டுகளிலும் அவர் மெட்ரோபாலிடனில் பாடிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு இடத்திலும் செய்தது ஒரே தொழில். 1969 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அறை வாங்கிய பாஸ்குவாலே நிற்கும் இடத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் குறைத்த மாமா ஞாபகத்துக்கு வருகிறார். அவருக்கும் அப்படி ஒரு கட்டம் இருந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டான பிறகு, யாரும் கூப்பிடாத பந்தியில் அவர் போய் உட்காருவார். கதைக்கு அது தேவையில்லை என்றார்கள்; நானும் நம்பினேன். அடுத்த பதிப்பில் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, இலை போட்டு உட்கார வைக்கலாமென்று இருக்கிறேன்.