இழவும் இளிவும்: 'சி.ஐ.டி.' தொடரின் இருண்ட திருப்பமும் காண்போர் வெகுளியும் – மெய்ப்பாட்டியல் நோக்கு

தோற்றுவாய்

சோனி தொலைக்காட்சியின் 'சி.ஐ.டி.' தொடரில் உதவி ஆணையர் பிரத்யுமன் என்னும் கதைமாந்தர் குண்டுவெடிப்பில் இறந்துபட்டதாக 2025 ஏப்ரல் திங்களில் காட்டப்பெற்றது. உண்மையில் வாழ்ந்து மறைந்த ஒருவர்க்குச் செய்வது போன்றே, 1998 – 2025 என ஆண்டுகளைக் குறித்து அலைவரிசை அஞ்சலியும் வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அத்தொடரோடு வளர்ந்த காண்போரிடம் இதற்கு எழுந்த எதிர்வினையில் அழுகையினும் வெகுளியே மிகுந்து நின்றது. இனித் தொடரைப் பார்ப்பதில்லை என்றோர் பலர். விளம்பரத்திற்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சி என்று ஐயுற்றோரும் உளர்.

இவ்வெகுளியை ரசிக மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. கற்றோர் பலரும் அவ்வாறே ஒதுக்குவர். வெகுசன வடிவங்களின் காண்போர் பழகியதையே மீண்டும் மீண்டும் வேண்டுவர், மாற்றத்தை ஏலார் என்பது திறனாய்வுலகில் வேரூன்றிய எண்ணம். ஆயின், வெகுளி எக்களனில் தோன்றியது என்று கேட்டுப் பார்க்கும்போது இவ்வெண்ணம் நிலைபெறவில்லை. ஆடுவோன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். அந்நிலையில், காண்போரிடம் நிகழ்வது நாடகத்திற்குப் புறம்பான ஒன்றன்று. நாடகத்தின் முடிவிடமே அது. எனவே காண்போர் வெகுளியையும் பனுவலின் ஒரு பகுதியாகக் கொண்டு ஆராய்தல் பொருந்தும்.

தொடரின் பழைய அமைதி

பி.பி. சிங் உருவாக்கிய இத்தொடர் 1998 சனவரி 21 அன்று தொடங்கி 2018 அக்டோபர் வரை இருபது ஆண்டுகள் ஒளிபரப்பாயிற்று. 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. 2004ஆம் ஆண்டில் 111 நிமிடங்கள் இடையறாது ஒரே காட்சியாகப் படமாக்கப்பெற்ற பகுதி ஒன்று சாதனை நூல்களில் இடம்பெற்றது. இது தவிர, கலைநுட்பத்தால் போற்றப்பட்ட தொடர் என்று இதனைச் சொல்லுதற்கில்லை. கதைப்பின்னல் எளியது. ஒரு பிணம் கிடைக்கும், குழுவினர் வருவர், பிரத்யுமன் விரல்களைச் சுழற்றியவாறே ஏதோ கோளாறு இருக்கிறது என்பார், மருத்துவர் சாலுங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு தடயத்தைக் காட்டுவார், மூடிய கதவைத் தயா உடைப்பார், குற்றவாளி அறை வாங்கி உண்மையைக் கக்குவான். எள்ளிநகையாடப்பட்ட இவ்வாய்பாடே தொடரின் வலிமையுமாகும். மருட்கையில் தொடங்கிப் பெருமிதத்தில் முடியும் இவ்வொழுங்கு வாரந்தோறும் தவறாமல் நிகழ்ந்தது.

இதன் நடுவே மாறாதிருந்தது குழுவின் ஒற்றுமை. சிவாஜி சாட்டம், ஆதித்ய ஸ்ரீவாஸ்தவ், தயானந்த் ஷெட்டி ஆகியோர் முறையே நடித்த பிரத்யுமன், அபிஜித், தயா என்னும் மூவரும் தந்தையும் மக்களும் போன்று அமைந்தனர். தமிழ்த் துப்பறியும் புனைகதை மரபை அறிந்தோர்க்கு இவ்வமைப்புப் புதியதன்று. சுஜாதாவின் கணேஷ் – வசந்த், சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக் – விஷ்ணு எனத் தமிழில் துப்பறிவோர் இணையராகவே நிலைபெற்றனர். உலகம் எத்துணைக் கெட்டுப்போயினும் அவ்விணை கெடாது என்பது வாசகர்க்கும் எழுத்தாளர்க்கும் இடையே சொல்லாமற் கொண்ட உடன்பாடு. கொலைக்கதையைப் படுக்கையில் படுத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்க முடிந்ததற்கு இவ்வுடன்பாடே காரணம் எனலாம்.

இருள் புதிதன்று

2024 டிசம்பர் 21 அன்று தொடர் மீண்டும் தொடங்கியபோது இவ்வுடன்பாடே முதலில் தகர்க்கப்பட்டது. அபிஜித் தயாவைத் துப்பாக்கியால் சுடுகிறார். உடன்பிறப்பனையர் பகைவராகின்றனர். பின்னர், திக்மான்ஷு தூலியா நடித்த பார்போசா என்னும் பகைவனின் குண்டுக்குப் பிரத்யுமன் இரையாகிறார். அவரிடத்திற்குப் பார்த் சம்தான் நடித்த ஆயுஷ்மான் என்னும் இளைய அதிகாரி வருகிறார்.

இங்கு ஒன்று தெளிவாக்கப்பட வேண்டும். காண்போர் இருளை வெறுத்தனர் என்பது உண்மையன்று. பழைய தொடரிலேயே பிரத்யுமனின் மகன் நகுல் குற்றவாளியாகிறான். தந்தையே அவனைச் சுட்டு வீழ்த்துகிறார். ஒரு கதைமாந்தருக்கு இதனினும் பெரிய இருள் நேர்தற்கில்லை. அன்று காண்போர் தொடரைக் கைவிடவில்லை. பிரத்யுமன்மீது கொண்ட மதிப்பை மிகுவித்துக்கொண்டனர். தேர்க்காலில் மகனை இட்ட சோழன் கதையைச் சிலப்பதிகாரம் முதல் பெரியபுராணம் வரை கேட்டு வளர்ந்த தமிழ் மனத்திற்கு இதன் காரணம் விளங்கும். அங்கே இழப்பு அறத்தினின்று பிறக்கிறது. இழந்தவன் தாழாமல் உயர்கிறான். அழுகை பெருமிதத்திற்கு வழிவிடுகிறது.

அண்மைக்காலத் தமிழ்த் தொடர்களும் இதற்குச் சான்றாகும். 2022இல் வெளிவந்த 'சுழல்', 'விலங்கு' ஆகிய இரண்டும் 'சி.ஐ.டி.' தொடரைக் காட்டிலும் பன்மடங்கு இருண்டவை. காவல் நிலையமே ஐயத்திற்குரிய இடமாகிறது. குடும்பமே குற்றத்தின் களனாகிறது. தமிழ்க் காண்போர் இவற்றை விரும்பி ஏற்றனர். தொடக்கத்திலேயே அத்தொடர்கள் தம் இயல்பை அறிவித்துவிட்டன என்பதே வேறுபாடு. இருளுக்கென வந்தோர் இருளைப் பெற்றனர்.

வெகுளியின் களன்

தொல்காப்பியர் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு களன் கூறுவர். பிரத்யுமன் இறந்தமையால் காண்போர் சினந்தனர் எனின் அது கொலையால் தோன்றிய வெகுளியாதல் வேண்டும். ஆயின் கொலையால் தோன்றும் வெகுளி கொன்றவன்மேற் செல்லும். இங்கோ பார்போசாவின்மேற் செல்லாமல் கதையை வகுத்தோர்மேற் சென்றது. இது கருதத்தக்கது. குடிகோள் என்பதனைச் சுற்றத்திற்கும் குடிப்பிறப்பிற்கும் கேடு சூழ்தல் என்னும் பொருளில் பேராசிரியர் விளக்குவார். காண்போர் உற்றது அவ்வெகுளியே. அபிஜித் தயாவைச் சுட்டபோதே அது மூண்டுவிட்டது. பிரத்யுமனின் மரணம் அதனை முற்றச்செய்தது. கதைமாந்தர் ஒருவரை இழந்தமை மட்டுமன்று, ஒரு குடி குலைக்கப்பட்டமையே அவர்தம் குறை. ஆயுஷ்மானை அவர்கள் ஏற்காமைக்கும் நடிகரின் திறமை காரணமாகாது. குடியின் மூத்தோன் இருந்த இருக்கையில் புதியோன் ஒருவன் சடங்கின்றி அமர்ந்தான் என்பதே காரணம்.

அச்சத்திலும் இத்தகைய இடப்பெயர்ச்சி உண்டு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அச்சத்தின் களன்கள். பழைய தொடர் காண்போர்க்கு அளித்தது கள்வரால் வரும் அச்சம். அது வெளியிலிருந்து வருவது, உள்ளிருப்போரால் தீர்க்கப்படுவது. பேய்க்கதை போன்று அணங்கைக் காட்டித் தொடங்கும் பகுதிகளிலும் இறுதியில் அணங்கு கள்வனாகவே வெளிப்படும். புதிய போக்கு அச்சத்தைத் தம் இறைக்கு மாற்றியது. காப்பவரே சுடுவார், யாரை நம்புவது என்பது தெரியாது. இம்மாற்றம் இலக்கியத் தகுதி உடையதே. பழைய வடிவம் காவல் துறையின் அறையைக் கைதட்டிப் பாராட்டக் கற்பித்தது என்னும் குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. தம் இறையை அஞ்சக் கற்பிக்கும் தொடர், உண்மை உலகிற்கு நெருங்கியதாகவும் இருந்திருக்கும். ஆனால் படைப்போர் அவ்வழியில் இறுதிவரை செல்லவில்லை. இறையின் கொடுமை ஒரு திடுக்கீடாகப் பயன்பட்டதேயன்றி ஒரு கேள்வியாக வளரவில்லை.

நகை நீங்கிய நாடகம்

தொடர் இருண்டதற்குக் கதைப்போக்கு மட்டுமே காரணம் எனக் கொள்ளவேண்டியதில்லை. ஃப்ரெட்ரிக்ஸ் என்னும் பாத்திரத்தில் நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் காலமானார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நகையின் களன்களுள் பின்னிரண்டையும் இருபதாண்டு தாங்கி நின்றவர் அவர். பிணத்தைக் கண்டு அஞ்சுவார். மனைவியை நினைந்து நடுங்குவார். அந்நகை இருந்தமையால்தான் கொலைக்கதையைச் சிறாரும் முதியோரும் ஒருங்கே அமர்ந்து காண முடிந்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லாமல் துகிலுரிதலை மட்டும் நிகழ்த்தினால் எத்தகைய சுமை ஏறுமோ அத்தகைய சுமை புதிய பகுதிகளில் ஏறியது. இவ்வின்மையைப் படைப்போர் நிரப்ப முயன்றதாகத் தெரியவில்லை. பின்வந்த பூசலில் பிரத்யுமனின் பெயரே முழங்கியதால், இம்மெல்லிய இழப்பு எவராலும் போதிய அளவு பேசப்படவில்லை.

ஹெப்பகோடியிலிருந்து நோக்க

இந்தித் தொடர் ஒன்றைத் தமிழ்த் துறை ஏன் ஆராய வேண்டும் என்னும் வினா எழலாம். விடை தேடுவோர் பெங்களூருவின் தென்கோடிக்கு வரவேண்டும். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளி எல்லைக்கும் இடையே, ஓசூர்ச் சாலையில் அமைந்தது ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூராக இருந்து, பொம்மசந்திரத் தொழிற்பேட்டையின் வளர்ச்சியால் நகரானது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடமும் அங்கு வந்து சேர்ந்தது. ஓசூர்ப் பக்கமிருந்து வந்த தமிழர், கன்னடர், தெலுங்கர், வடமாநிலத் தொழிலாளர் எனப் பல மொழியினர் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் இடம் இது. இத்தகைய இடத்தில் தொலைக்காட்சி ஒரு மொழியினர்க்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அடுத்த வீட்டு ஒலி நம் வீட்டு ஒலியாகிறது.

இந்தி அறியாத ஒருவர் 'சி.ஐ.டி.' தொடரைப் பார்த்துப் பின்தொடர முடிந்தது. சுழலும் விரல், உடையும் கதவு, சாலுங்கேயின் முகச்சுளிப்பு, குற்றவாளியின் கன்னத்தில் விழும் அறை ஆகிய அனைத்தும் உடல்வழி வெளிப்படுவன. மெய்ப்பாடு என்னும் சொல்லின் நேர்ப்பொருளே அங்கு நிகழ்ந்தது. கதவை உடைக்கும் தயாவாக நடித்தவர் துளுநாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் என்பதில் கர்நாடகத்தார்க்கு ஓர் உரிமையும் உண்டு. ஒவ்வொரு கதையும் ஓரிரு பகுதிகளில் முடிந்தமையால், இரவுப்பணிக்குச் சென்று சில வாரம் பாராதிருந்தவரும் மீண்டும் வந்து அமர முடிந்தது.

புதிய போக்கு இவ்வாயிலை அடைத்தது. அபிஜித் ஏன் சுட்டார் என்பதை உடல் சொல்லாது. உரையாடல் சொல்ல வேண்டும். பார்போசாவின் பழைய பகையை அறிய முந்தைய பகுதிகளை நினைவில் கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நெட்ஃபிளிக்ஸ் தளத்திலும் தொடர் கிடைத்தமை, தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பும் சந்தாவும் உடையார்க்கு இக்கதையமைதியைப் பொருத்தமாக்கியது. மொழியும் ஓய்வும் குறைந்த காண்போர்க்கு அது பொருந்தவில்லை. ஆகவே இருண்ட திருப்பம் என்பது சுவைமாற்றம் மட்டுமன்று. காண்போர் மாற்றமும் ஆகும். பேரொலியாக வெளிப்பட்ட வெகுளி இந்தி அறிந்தோர் வெகுளி. ஹெப்பகோடி போன்ற இடங்களில் சொல்லின்றித் தொடரை விட்டகன்றோர் இருப்பின், அவர்தம் விலகல் எக்கணக்கிலும் ஏறாது. ஏற்புக் கோட்பாட்டினர் பேசும் எதிர்பார்ப்பு எல்லை என்பது படித்த, ஒருமொழி வாசகரை முன்வைத்தே வகுக்கப்பட்டது. பன்மொழித் தெரு அதற்குள் அடங்குவதில்லை.

மீட்சியும் இளிவும்

இறந்த பிரத்யுமன் பின்னர் உயிரோடு மீண்டார். சில மாதத்திற்குள்ளேயே அது நிகழ்ந்தது. காண்போரில் பலர் உவகையுற்றனர், அவ்வுவகை பொய்யன்று. எனினும் இம்மீட்சியை ஷெர்லாக் ஹோம்ஸின் மீட்சியோடு ஒப்பிட்டுப் புகழ்தல் பொருந்தாது. ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தியபோது உண்மையாகவே அவரைத் துறக்க எண்ணினார். வாசகர் சினந்தனர், ஆசிரியர் உறுதியாக நின்றார். ஹோம்ஸ் உயிரோடிருந்ததாக அவர் எழுதியது 1903இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் வாசகர் துயருற்றனர், துயரோடு வாழவும் பழகினர். அவர்தம் துயர்க்கு ஒரு காலம் அளிக்கப்பட்டது.

அழுகையின் களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழத்தல். இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். ஓரெழுத்தே வேறுபடும் இவ்விரண்டும் முற்றிலும் வேறான துயர்கள். 2025 ஏப்ரலில் காண்போர் உற்றது இழவு. ஆண்டுகள் குறித்த அஞ்சலியைக் கண்டு மெய்யாகவே கலங்கியோர், அம்மரணம் மெய்யன்று என அறிந்தபோது, தம் கண்ணீரைக் குறித்தே நாணும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அலைவரிசை திருப்பித் தந்தது பிரத்யுமனை. எடுத்துக்கொண்டது அடுத்த மரணத்தை நம்பும் ஆற்றலை. இனி அத்தொடரில் எவர் இறப்பினும், பிணத்தைச் சுற்றி நிற்கும் குழுவினரைப் போன்றே காண்போரும் முதலில் தடயம் தேடுவர்.