லாயத்துக்கு வேப்பெண்ணெய்: எந்த பாட்டில், எந்த நேரம்?

குதிரையின் பிடரியில் சொறி கண்டால் நம் ஊரில் முதலில் காதில் விழும் யோசனை வேப்பெண்ணெய். காலையில் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்து, வெயிலில் கட்டச் சொல்வார்கள். எண்ணெய் நல்ல பொருள்தான். அதற்குக் கொடுக்கும் வேலையும் நேரமும்தான் பொருந்தவில்லை. அரிப்பைத் தீர்க்கும் மருந்தாக எடைபோட்டால் வேப்பெண்ணெய் தேறாது. பூச்சியை அண்டவிடாத மாலை நேரக் காவலாக எடைபோட்டால், நெய்வேலி மாதிரி ஈரம் நிறைந்த ஊரில் அது லாயத்தில் இருக்கவேண்டிய பொருள்.

எது அரிக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். குதிரை பிடரியையும் வாலடியையும் தூணில் உரசி உரசி மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, பொருக்குத் தட்டி நிற்பதற்கு உலகெங்கும் முதன்மையான காரணமாகக் கண்டறியப்பட்டிருப்பது குலிகாய்டஸ் என்னும் கடிப்பூச்சி. கொசுவை விடப் பல மடங்கு சிறியது. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் எச்சிலில் உள்ள புரதங்கள் சில குதிரைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. இதற்கு அழுத்தமான சாட்சி ஐஸ்லாந்து. இந்தப் பூச்சி வெகுகாலம் இல்லாதிருந்த அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த குதிரைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால், அவற்றில் மிகப் பல இந்த அரிப்புக்கு ஆளாகின்றன. அங்கே பிறந்த அதே இனக் குதிரைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. ஆக, நோய்க்கு வேர் கடியில் இருக்கிறது. கடிபட்ட பிறகு தோலில் எதைப் பூசினாலும் அது பின்னால் ஓடுகிற வேலைதான்.

அந்தப் பூச்சி நம் பக்கம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆடு வளர்ப்பவர்களே பதில் சொல்வார்கள். செம்மறியாட்டைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே குலிகாய்டஸ்தான். தமிழ்நாட்டில் அந்த நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் தலையெடுக்கும். சாணம் கலந்த ஈரச்சேற்றில் இந்தப் பூச்சி முட்டையிடும். நெய்வேலியின் நிலமும் இதற்குச் சாதகம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவுபகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அந்தத் தண்ணீர் வாய்க்கால்கள் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களை நனைக்கிறது. விவசாயத்துக்கு அது வரம். ஆனால் மழை ஓய்ந்த பிறகும் காயாத சேறு, அதை ஒட்டி மாட்டுத் தொழுவம் என்றால், கடிப்பூச்சிக்கு வேறென்ன வேண்டும்?

சரி, பொருளுக்கு வருவோம். கடையில் ‘வேப்பெண்ணெய்’ என்ற பெயரில் மூன்று வகை கிடைக்கிறது. மூன்றும் வெவ்வேறு சரக்கு. பூஜை சாமான் கடையில் விற்பது விளக்கேற்றத் தயாரானது. அதில் என்ன எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாது, தோலுக்கு அது வேண்டாம். உரக்கடையில் 300, 1500, 10,000 பி.பி.எம். என்று எண் போட்டு விற்பது பயிருக்கான பூச்சிக்கொல்லி. அந்த எண் அசாடிராக்டின் என்னும் வேம்புச் சத்தின் அளவைக் குறிக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் குதிரைக்கும் நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. அதில் சேர்க்கும் கரைப்பான்களும் குழம்பாக்கிகளும் இலையின் மேல் தெளிப்பதற்கானவை, புண்பட்ட தோலுக்கானவை அல்ல. நமக்கு வேண்டியது மூன்றாவது: செக்கில் ஆட்டி, வேறெதுவும் கலக்காத எண்ணெய். மூடியைத் திறந்ததும் பூண்டும் கந்தகமும் கலந்தது போன்ற வாடை மூக்கில் ஏறவேண்டும். நிறம் பழுப்பு, பிசுக்கு அதிகம். மார்கழிக் காலையில் பாட்டிலின் அடியில் உறைந்து கலங்கி நின்றால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். வாடையே இல்லாமல் தெளிந்த மஞ்சளாக இருந்தால் அது சுத்திகரித்த எண்ணெய். பூச்சியை விரட்டும் சரக்கில் பெரும்பகுதி அதில் போயிருக்கும்.

இது உண்மையில் பூச்சியைத் தடுக்கிறதா? இந்திய மலேரியா ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெயில் 2 சதவீத வேப்பெண்ணெய் கலந்து மனிதர்களின் தோலில் பூசியபோது, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்கள் இரவு முழுக்கக் கடிக்கவில்லை. கொசு வேறு, குலிகாய்டஸ் வேறு என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக் குலிகாய்டஸை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்விலும், வேம்புச் சாறு பட்ட இடத்தில் பூச்சிகள் ரத்தம் குடிப்பது குறைந்தது. குதிரையிலேயே நடந்த சோதனையும் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் கற்பூரம், எலுமிச்சைப்புல், புதினா முதலிய மூலிகை எண்ணெய்கள் சேர்ந்த தெளிப்பானை அரிப்புள்ள குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல முன்னேற்றம் கண்டதாக 2020-இல் அறிவித்தார்கள். அது வேப்பெண்ணெய் இல்லை, அதனால் அந்த வெற்றியை வேம்பின் கணக்கில் எழுத முடியாது. வாசனை எண்ணெய்களால் கடியைக் குறைக்கும் வழி குதிரையிடமும் பலிக்கும் என்ற அளவுக்கு அது துணை நிற்கிறது.

‘பாட்டன் காலத்து வைத்தியத்துக்கு ஆய்வு எதற்கு?’ என்பது அடுத்த ஆட்சேபம். வேம்பின் பூஞ்சைத் தடுப்புக் குணத்துக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் வாங்கிய காப்புரிமை 2000-இல் ரத்தானது, 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதை எந்தத் தமிழரும் பெருமையோடு நினைவில் வைக்கலாம். ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது, நம் உழவர்கள் அதை முன்பே பயன்படுத்தினார்கள் என்பது. குதிரையின் ஒவ்வாமையை வேம்பு ஆற்றும் என்பது அங்கே விசாரிக்கப்படவே இல்லை. மறுபக்கம், ‘இயற்கைப் பொருள்தானே, கெடுதல் செய்யாது’ என்பதும் சரியில்லை. வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்த கைக்குழந்தைகள் கடுமையாக நோயுற்றதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. சிலருடைய தோலுக்கு அது தடிப்பையும் உண்டாக்கும். குதிரைக்கும் முதலில் கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசி, இரண்டு நாள் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போகவேண்டும்.

பெர்மெத்ரின் மருந்து இதைவிட வலுவானது என்பவர்கள் சொல்வதும் உண்மை. அதற்கு ஆதாரம் கூடுதல். ஆனால் லாயத்தில் பூனை வளைய வந்தால் அதன் உயிருக்கே ஆபத்து, குளத்து மீனுக்கும் அப்படியே. ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும். நீடித்துக் கொடுத்தால் குளம்பு அழற்சி வரும் ஆபத்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் முன்னால் முயன்று பார்க்கும் படியாக வேப்பெண்ணெய்க்கு இடம் உண்டு.

நேரம்தான் இதில் முக்கியம். அசாடிராக்டின் வெயில் பட்டால் சிதையும். குலிகாய்டஸ் கூட்டமாகக் கிளம்புவது அந்தி சாயும்போதும் விடியலிலும். ஆகவே, காலையில் தேய்த்து வெயிலில் கட்டுவது காவலாளியைப் பகலில் உழைக்கவைத்து ராத்திரி தூங்கவிடுவது போன்றது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நெய்வேலியின் மே மாத வெயிலில் நிறுத்தினால் குதிரை வியர்த்துக் குளிர்வதும் தடைபடும். காற்றில் வரும் நிலக்கரித் தூசியும் சாம்பலும் அந்தப் பிசுக்கில் ஒட்டி, சேணத்துக்கு அடியில் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். செய்யவேண்டியது எளிது: ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு இருபது பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, பொழுது சாய்வதற்கு அரை மணி முன்னால், பிடரி வேர், வாலடி, வயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களில் மட்டும் துணியால் ஒற்றித் தடவவேண்டும். எண்ணெய் பொருக்கை ஊறவைத்து இளக்கும்; அதை நகத்தால் பிய்க்காமல் மறுநாள் காலை மென்மையான சோப்பால் கழுவி, துடைத்துக் காயவிடவேண்டும். ரத்தம் கசியும் புண்ணிலும் கண்ணுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

எண்ணெயோடு ஒரு மின்விசிறியையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடும். இந்தப் பூச்சியின் இறக்கைக்கு வலுவில்லை. காற்று வேகமாக வீசினால் பறந்து வந்து உட்கார முடியாது. மாநிலத்துக்கே மின்சாரம் கொடுக்கும் ஊரில் மாலை ஆறிலிருந்து லாயத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடுவது பெரிய செலவில்லை. சாணத்தை அன்றன்றே அள்ளுவதும் இதற்குத் துணை.

இரண்டு வாரத்தில் உரசல் குறையவில்லை என்றாலோ, மயிர் வட்டவட்டமாக உதிர்ந்தாலோ எண்ணெயை நிறுத்திவிடுங்கள். வட்டமாக உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம். தொடுகிறவர் கைக்கும் தொற்றும். சொறிப்பேன் என்றாலும் வைத்தியம் வேறு. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ குதிரையைக் கொண்டுபோய், தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போகிற அன்று மட்டும் எண்ணெய் பூசாதீர்கள். பிசுக்கு இருந்தால் மாதிரி சரியாகக் கிடைக்காது.