மாயப் பிணைப்பும் மங்கையின் மனமும்

ஒரு நூலை ஒரு சாரார் தலைமேல் வைத்துப் போற்றுவதும், அதனையே மற்றொரு சாரார் முகஞ்சுளித்து ஒதுக்குவதும் இலக்கிய உலகில் புதுமையன்று. ஆயின், போற்றுவோரும் தூற்றுவோரும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டித் தத்தம் கட்சிக்கு வாதாடுவது அபூர்வம். ஆன் மக்காஃப்ரி அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராகன்ஃப்ளைட்’ என்னும் நவீனம் அத்தகையது. இதன் பகுதிகள் 1967-இல் ‘அனலாக்’ என்னும் விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் நெடுங்கதைகளாக வெளிவரத் தொடங்கின. அவற்றுள் முதலாவது 1968-இல் ஹ்யூகோ பரிசைப் பங்கிட்டுக் கொண்டது. புனைகதைக்காக அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி இவ்வம்மையாரே. தாம் எழுதியது விஞ்ஞானக் கதையே என்று அவர் வற்புறுத்தி வந்தார். வாசகரோ அதை மாயாஜாலக் கதைகளோடு சேர்த்தே படித்து வருகின்றனர். அந்த வழக்கில் நாம் புக வேண்டுவதில்லை.

கதை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். பெர்ன் என்னும் உலகில் வானினின்று வெள்ளிநூல் போன்றதொரு நாசப்பொருள் விழுந்து உயிருள்ள யாவற்றையும் தின்றுவிடும். அதை நடுவானிலேயே எரித்துப் பொசுக்க வல்லவை நெருப்புமிழும் பறவைநாகங்களாகிய டிராகன்கள். முட்டையினின்று வெளிப்படும் கணத்திலேயே டிராகன் ஒரு மனிதரைத் தெரிந்தெடுத்து, அவர் நெஞ்சோடு தன் நெஞ்சைப் பிணைத்துக்கொள்ளும். பின்னர் இருவருக்கும் பேச்சு வேண்டுவதில்லை, நினைவே பேச்சு. ஊர்பவர் மாண்டால் டிராகனும் உயிர் தரியாது.

கதாநாயகி லெஸ்ஸா, ருவாத்தா என்னும் கோட்டையை ஆண்ட குடும்பத்தில் எஞ்சிய ஒரே உயிர். தன் குலத்தைக் கொன்ற கொடியவனைப் பழிவாங்கும் பொருட்டுப் பத்தாண்டுகள் அதே கோட்டையின் சமையற்கட்டில் அழுக்குப் படிந்த வேலைக்காரியாய் மறைந்திருக்கிறாள். டிராகன் வீரனாகிய ஃப்லார் அவளைக் கண்டெடுத்து அழைத்துச் செல்ல, ராமோத் என்னும் பொன்னிற அரசி டிராகன் அவளைத் தன் துணையாக வரிக்கிறது. இதுவரை ஆட்சேபம் சொல்வார் எவருமிலர்.

வழக்கு இதன்பின்தான் தொடங்குகிறது. அரசி டிராகன் வானில் எழுந்து பறக்கையில், அதனை எட்டிப் பிடிக்கும் ஆண் டிராகனின் வீரனே அக்கூட்டத்திற்குத் தலைவனாவான். டிராகன்களின் வேட்கை அவற்றை ஊர்வார் நெஞ்சிலும் வெள்ளமெனப் பாய்ந்து, அந்த மயக்கத்தில் அவ்விருவரும் கூடிவிடுவர். ராமோத்தை ஃப்லாரின் டிராகன் பிடித்தது. ஆகவே லெஸ்ஸா ஃப்லாருக்கு உரியவளானாள். அவள் சம்மதத்தைக் கேட்டவர் யார்? பொருத்தம் பார்த்தாகிவிட்டது, இனிப் பெண்ணின் வாயை எதற்குக் கிளற வேண்டும் என்பாரை நாம் அறியாதவரல்லேம்; பெர்ன் உலகில் சோதிடரின் இடத்தில் ஒரு டிராகன் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. அன்றியும், ஃப்லார் அவளைத் தோளைப் பற்றிக் குலுக்கும் வழக்கமுடையவன். டிராகன்களின் வேகம் கலவாத நாட்களில் தான் அவளை அணுகுவது பலாத்காரத்திற்கு ஒப்பானது என்று அவனே தன் மனத்துள் எண்ணிக்கொள்வதாக ஆசிரியை எழுதியிருக்கிறார். கதைத் தலைவனின் நெஞ்சிலேயே குற்றப் பத்திரிகையை எழுதிவைத்துவிட்டு, ஆசிரியை அடுத்த காரியத்திற்குப் போய்விடுகிறார்!

வாசகர் கூறுவன யாவை? சிறு வயதில் இதைப் படித்த மாதர் பலர், கோபமும் சூழ்ச்சியும் தன்மானமும் உடைய ஒரு பெண்ணைத் தாம் முதன்முதலில் சந்தித்தது இந்நூலிலேதான் என்று நன்றியோடு கூறுகின்றனர். தனிமையில் வாடும் உள்ளத்தைச் சொல்லாமலே அறிந்து, ஒருநாளும் கைவிடாத துணை ஒன்று கிடைப்பதாகிய கனவு அவர்களை ஆட்கொண்டிருக்கிறது. வளர்ந்த பின் மறுபடி படித்து மனம் கசந்தோரும் அவர்களுள் உண்டு. மற்றொரு சாரார், பெண்ணின் விருப்பத்தை மாயத்தின் பெயரால் பறித்துவிட்டுக் காதல் என்று பெயர் சூட்டுவது அநீதி என்பர். இன்னும் சிலர், 1967-இல் ஆடவரே பெரும்பாலும் படித்த பத்திரிகையில் எழுதியதற்கு இக்காலத்துத் தராசை ஏன் தூக்க வேண்டும் என்று சமாதானம் கூறுவர்.

இந்த மூன்றாம் கட்சி நமக்கு உடன்பாடன்று. காலத்தின் பெயரால் குறையை மன்னிப்பதாயின், நூலின் நிறைவையும் அக்காலத்தோடே புதைத்துவிட வேண்டும். லெஸ்ஸாவின் துணிவு இன்றும் நம்மைத் தொடுமானால், அவளுக்கு இழைத்த தீங்கும் இன்றும் நம்மைச் சுட்டே தீரும்.

முதல் இரு சாராரும் உண்மையில் வெவ்வேறு பிணைப்புகளைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதே நம் கருத்து. லெஸ்ஸாவுக்கும் ராமோத்துக்கும் உள்ளது ஒன்று. லெஸ்ஸாவுக்கும் ஃப்லாருக்கும் உள்ளது வேறொன்று. முன்னதை ஆசிரியை எவ்வளவு பொறுமையாக எழுதுகிறார்! பொரித்த குஞ்சு வெறிகொண்டு எதிர்ப்பட்ட பெண்களைக் கிழித்தெறிகிறது. லெஸ்ஸா அஞ்சாது அதன் தலையைப் பற்றி அதன் கண்ணைப் பார்க்கிறாள். பிறகு ஊட்டுவதும், எண்ணெய் தடவுவதும், பசி பொறுக்காத அரசியை அடக்குவதுமாகப் பழகிப் பழகி வளர்கிறது அந்த அன்பு. அதை நம்புவதற்கு மாயமே வேண்டுவதில்லை. பின்னதிலோ இந்த உழைப்பு இல்லை. ஃப்லாரை லெஸ்ஸா ஏன் விரும்ப வேண்டும் என்று காட்டும் வேலையை ஆசிரியை டிராகன்களிடம் ஒப்படைத்துவிட்டார். ஒழுக்கக் குறை என்று வாசகர் கூறுவது மெய்யே. ஆயினும் அது கதைக்கலையின் குறையிலிருந்தே பிறந்தது.

அந்த வேலையை அவரால் செய்ய முடியாததன்று என்பதற்கு நூலின் பிற்பகுதியே சாட்சி. ஆறு டிராகன் கூடங்களில் ஐந்து ஏன் வெறுமையாயின என்னும் பழம்புதிரை லெஸ்ஸா தன் மதியால் ஆய்ந்து, எவர் அனுமதியும் கேளாது, ராமோத்தின் மேலேறி 400 ஆண்டுகள் பின்னோக்கிப் பாய்கிறாள். உயிர் போய் வருகிறது. அக்காலத்து வீரர்களைத் தன் காலத்திற்கு அழைத்து வந்து உலகைக் காக்கிறாள். அவள் திரும்புவாளோ மாட்டாளோ என்று அறியாத ஃப்லாரின் தவிப்பிலே, எந்த டிராகனும் ஊட்டாத ஒரு மனிதனின் அன்பை நாம் முதன்முதலாகக் காண்கிறோம். நூலின் பெரும்பகுதி கழிந்த பிறகே இது வருவது நமக்கு வருத்தமே.

பத்தாண்டுகள் கழித்து, 1978-இல் அம்மையார் ‘தி ஒயிட் டிராகன்’ என்னும் நூலை வெளியிட்டார். லெஸ்ஸா ருவாத்தாவை விட்டுக்கொடுத்தாளே அந்தக் கைக்குழந்தை, ஜாக்ஸம், அதில் வாலிபன். அவனை வரித்த ரூத் என்னும் வெள்ளை டிராகனுக்கோ இணைவிழைச்சே இல்லை. ஆகவே, நோயில் தன்னைப் பேணிய ஷாரா என்னும் பெண்ணின் மனத்தை அவன் தன் சொந்த நாவைக் கொண்டும் நெஞ்சைக் கொண்டுமே வெல்ல வேண்டியவனாகிறான். முன்னூலைப் பற்றி வழக்காடும் அன்பர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, எந்த ஜோடியைத் தாங்கள் நம்புகிறார்கள் என்று நமக்கு எழுதுவார்களாக.