மஞ்சள் பொம்மையும் மறைபொருள் தேடுவோரும்

இங்கிலாந்து தேசத்திலே பெக்கி ஸ்லோன், ஜோசப் பெலிங் என்னும் கலைஞர் இருவர் 2011ஆம் ஆண்டில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு பொம்மைப் படத்தை யூடியூபில் வெளியிட்டனர். 'டோன்ட் ஹக் மீ ஐயாம் ஸ்கேர்டு' என்பது அதன் பெயர். 'என்னைத் தழுவாதே, அச்சமாயிருக்கிறது' என்று தமிழிற் கூறலாம். சிறுவர்க்குப் பாட்டினால் பாடம் புகட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் போல் இனிது தொடங்கிக் காண்போர் குலைநடுங்க முடிவது அது. 2016 ஜூன் 19ஆம் தேதி வரையில் மேலும் ஐந்து படங்கள் அதனைத் தொடர்ந்து வந்தன. படங்கள் ஆறே, அவற்றுக்கு எழுந்த உரைகளோ எண்ணித் தொலையா. குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்று பெருமை பேசும் நாம், இந்த உரைகாரர் கூட்டத்தைக் கண்டு வியவாதிருத்தல் அரிது.

அவ்வுரைகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆயினும் படத்தின் போக்கை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

செஞ்சடை தொங்கும் மேனியன் ஒருவன், மஞ்சள் நிறச் சிறுவன் ஒருவன், பச்சை வாத்து ஒன்று ஆகிய மூவரும் ஒரு சமையலறையில் அமர்ந்திருக்கின்றனர். மேசைமேல் கிடந்த குறிப்புப் புத்தகம் வாய் திறந்து, கற்பனை செய்வது எப்படி என்று பாடத் தொடங்குகிறது. மஞ்சள் சிறுவன் ஆசையாய் ஒரு கோமாளிப் படம் தீட்டுகிறான். ஆசிரியப் புத்தகமோ அதன்மேற் கருமையைக் கொட்டி அழித்துவிடுகிறது. இலைகளையும் குச்சிகளையும் கொண்டு விருப்பமான நிறத்தின் பெயரை அமைக்கச் சொல்கிறது; சிறுவன் பச்சை என்று அமைக்கிறான். பச்சை கற்பனைக்குரிய நிறமன்று என்று தீர்ப்பு வருகிறது. காரணம் சொல்லப்படவில்லை, கேட்கவும் இடமில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னர் மூவரும் வெறி கொண்டவர்போல் ஆடுகின்றனர். குருதி தோய்ந்த உறுப்புகள் மேசைக்கு வருகின்றன. முடிவில், இனி ஒருபோதும் கற்பனை செய்வதில்லை என்று இணங்கும்படி ஏவிவிட்டுப் புத்தகம் தன்னை மூடிக்கொள்கிறது.

இரண்டாம் படத்தில் (2014) ஆசிரியர் ஒரு கடிகாரம். காலம் என்பது உண்மையில் உள்ளதா, மனத்தின் தோற்றமா என்று மாணவர் தமக்குள் ஆராயத் தொடங்கியதும், அது காதைத் துளைக்கும் ஓசை எழுப்புகிறது. கேட்டவர் செவிகளில் இரத்தம் வடிகிறது. எஞ்சிய படங்களில் அன்பு, கணிப்பொறி, உணவு, கனவு என்பன பாடங்கள். நான்காவதில் செஞ்சடையன் ஒரு கதவைத் திறந்து வெளியேற, அங்கே தாம் வாழ்ந்த வீடு வெறும் படப்பிடிப்பு மேடையாய் நிற்பதைக் காண்கிறான். அவன் தலை வெடிக்கிறது.

நிற்க. உரைகாரர் கூறுவது யாது? மஞ்சள் சிறுவனின் தந்தை ராய் என்பான். அவனே இக்கொடுமைகளுக்கெல்லாம் சூத்திரதாரி என்பது அவர்களிற் பெரும்பாலோர் துணிபு. இதற்கு அவர்கள் காட்டும் சான்றுகள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. காட்சிகளின் மூலைமுடுக்குகளில் ராயின் உருவம் ஒளிந்திருப்பதை, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தனர். நாட்காட்டி படத்துக்குப் படம் ஜூன் 19 என்றே காட்டுவதைக் குறித்தனர். ஆங்கிலேயர் தந்தையர் தினம் கொண்டாடும் ஜூன் மாத மூன்றாம் ஞாயிறு, 2011இலும் 2016இலும் அந்தத் தேதியிலேயே வந்தது. ஆறாம் படத்தில் ஒரு பெரும் இயந்திரத்தருகே ராய் நேரிலேயே தோன்றுகிறான். இங்ஙனம் உற்று நோக்கிய உழைப்பை நாம் மெச்சுகிறோம். நம்மவரில் ஒரு நாவலை இருமுறை படிப்போர் எத்தனை பேர்?

சூத்திரதாரி விளம்பர முதலாளியே என்பார் உளர். எல்லாம் மஞ்சள் சிறுவன் கண்ட கனவே என்பாரும் உளர். கனவு என்றொரு சொல்லால் எக்கதையையும் விளக்கிவிடலாமாகலின், பின்னதைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. விளம்பரக் கொள்கைக்கு ஓரளவு வலுவுண்டு. எனினும் 2014இல் அடுத்த படங்களுக்காகப் பொதுமக்களிடம் திரட்டிய ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகையிலும் அக்கலைஞர்களின் இரகசியம் ஒன்றைக் காண முயல்வது மிகை.

தொல்காப்பியர் உள்ளுறை என்று ஒன்றைக் கூறியிருக்கிறார். மருத நிலத்து எருமை பூவைச் சிதைத்து மேய்ந்தது என்று தோழி சொல்லுங்கால், பரத்தையரை நாடிச் சென்ற தலைவனின் செயல் அதனுள் உறைகின்றது. அந்நிலத்து மரமும் விலங்கும் பறவையும் அதற்கு இடமாகலாம். தெய்வம் ஒன்று மட்டும் ஆகாது என்பது அவர் வகுத்த விதி. மறைபொருளைக் கண்ணெதிரே உள்ள எருமையிலும் பூவிலும் தேட வேண்டும் என்பதே இதன் கருத்தென்று நாம் கொள்கிறோம். இந்த ஆங்கிலேய இளைஞர்களோ எருமையை விட்டுவிட்டுத் தெய்வத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டனர். திரைக்குப் பின்னே எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் ஒருவன் இருந்தே தீர வேண்டும், அவன் பெயர் தெரிந்தால் துன்பத்தின் காரணமும் தெரிந்துவிடும் என்னும் எண்ணம் மனித குலத்துக்குப் புதியதன்று.

2022ஆம் ஆண்டு சானல் 4 தொலைக்காட்சியில் இதே பொம்மைகளைக் கொண்டு ஆறு பகுதிகள் வெளிவந்தன. கடைசிப் பகுதியில் மஞ்சள் சிறுவனுக்குத் திடீரென்று அறிவு கூடுகிறது. படியேறி மேல்மாடிக்குச் செல்கிறான். அங்கே இருந்தது ராய் அன்று. லெஸ்லி என்னும் ஒரு பெண்! பல ஆண்டுகள் கட்டிய ராய்க் கோட்டை ஒரு நாளில் ஆட்டம் கண்டது. உடனே லெஸ்லி யார் என்னும் புதிய ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

ராய் யாராயினும் ஆகுக. முதற்படத்தில் அவனைக் கண்டு நாம் அஞ்சவில்லை. அந்தக் குறிப்புப் புத்தகத்தின் இனிய குரலைக் கேட்டே அஞ்சினோம். இன்சொல்லால், இசையால், கைதட்டலால் ஒரு சிறுவனின் விருப்பத்தை அவனே அறியாமற் பறித்துக்கொள்ளும் ஆசிரியன் படத்தின் நட்டநடுவில் நிற்கிறான். அவனைக் காண நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. மூலையில் ஒளிந்தவனைத் தேடுவோர் நடுவில் நிற்பவனை மறந்துவிடுகின்றனர். இதுவே அவ்வுரைகளிடத்து நாம் காணும் பெருங்குறை.

இக்குறையை எடுத்துரைக்க நமக்கு ஒரு காரணமுண்டு. ஆங்கிலப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில், பனியைக் கண்டறியாத பிள்ளைகள் நாற்பது பேர் பனியைப் பற்றி ஒரே குரலிற் பாடினோம். பொருள் கேட்டவர் இலர், இசை நன்றாயிருந்தது. இன்று செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்கு மாடிகளிலும் சோறூட்டும் வேளையில் குழந்தையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் ஏதோ ஒரு பொம்மை வண்ணங்களின் பெயரையோ எண்களையோ பாடிக்கொண்டிருக்கிறது. தாய்க்கு அந்தப் பாட்டின் மொழி தெரிவதில்லை. பிள்ளை அழாமல் உண்கிறது என்பது தெரிகிறது. அந்தப் பொம்மையை ஆட்டுவிக்கும் முதலாளி இன்னான் என்று அவளுக்கு எடுத்துரைப்பதால் விளையும் பயன் சிறிதே. பிள்ளையிடம் அது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதையே முதலில் அவள் அறிய வேண்டும்.

ஆறாம் படத்தின் இறுதியில் செஞ்சடையன் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிடுகிறான். நாட்காட்டி 20ஆம் தேதிக்கு மாறுகிறது. மூவரும் வேறு நிறங்களோடு மீண்டும் அதே மேசையில் அமர்ந்திருக்க, குறிப்புப் புத்தகம் திறக்கிறது. இது விடுதலையா, பழைய பாடத்தின் மறு தொடக்கமா என்பதில் உரைகாரரிடையே உடன்பாடில்லை. புத்தகம் மேசையை விட்டு அகலாததைக் கருதி, இரண்டாவது கருத்தே பொருந்தும் என்கிறோம்.

ஆறு படங்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். குருதியும் குடலும் வருதலின் இவை சிறு பிள்ளைகளுக்கு ஆகா. மேல் வகுப்பு மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் காணலாம்; உரைகளை நாடுவதற்கு முன்னரே காண்பது நன்று.