நான்கு மில்லிமீட்டர் நீர்

நெய்வேலி அனல்மின் நிலையம் போன்ற ஓர் ஆலையின் புகைபோக்கிக்குள், சூடான புகை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாய்ச்சலுக்கு நேரே ஒரு குழாயின் வாயைக் காட்டினால் அதில் எவ்வளவு அழுத்தம் கூடும்? நான்கு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அளவு, அவ்வளவுதான். பேராறு போலப் புகை பாய்ந்தாலும் கருவியின் கைக்கு எட்டுவது இந்தத் துளிதான். அதை இரவு பகல் பாராமல் அளந்து சொல்கிற டிரான்ஸ்மிட்டரைப் பற்றி எத்தனை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை.

1732-இல் பாரிஸில் சேன் நதியின் வேகத்தை அறிய ஆன்றி பிட்டோ வளைந்த குழாய் ஒன்றைத் தண்ணீரில் இறக்கினார். புகைபோக்கிக்குள் நீட்டியிருப்பது அதன் வழித்தோன்றல்தான். ஒரு துளை ஓட்டத்துக்கு எதிரே பார்க்கும். இன்னொன்று ஓட்டம் நேராகப் படாத பக்கம் இருக்கும். சுவரோரம் புகை மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகும் என்பதால், ஒரே இடத்தை நம்பாமல் குழாயின் நீளம் முழுக்கப் பல துளைகள் இட்டுச் சராசரி எடுக்கிறார்கள். இரு பக்க அழுத்தமும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் இரு முகங்களில் வந்து முட்டும். தகடு வளைவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும்போது மின்தேக்குத் திறன் மாறிவிடும். அதைத்தான் கருவி படிக்கிறது.

இதில் ஒரு கடினமான கணக்கு உண்டு. வேகம் பாதியானால் அழுத்தம் பாதியாகாது, கால்வாசியாகும். வினாடிக்கு 5 மீட்டரில் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு மில்லிமீட்டர். வர்க்கமூலம் எடுத்து வேகத்தைச் சொல்லும் வேலை டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஓட்டம் மிகக் குறைந்தால் சில கருவிகள் தாமாகவே பூஜ்ஜியம் காட்டும்படி அமைக்கப்படும். அந்த எல்லை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். எரியும்போது அது ஆவியாகிப் புகையோடு போகும். அளவெடுக்கும் சிறு குழாயில் குளிர்ந்து சொட்டாகத் தங்கும். நான்கு மில்லிமீட்டரை அளக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் சொட்டு நின்றால் கணக்கே கெட்டுப்போகும். அதனால் டிரான்ஸ்மிட்டரைத் துளைக்கு மேலே பொருத்தி, குழாயைப் புகைபோக்கியை நோக்கிச் சரித்துப் போடுவார்கள். சொட்டு வந்த வழியே திரும்பிவிடும். மோட்டாரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சரிவு ஒன்றே போதும். சாம்பலுக்கு வேறு வழி: குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அழுத்தக் காற்றைத் திருப்பி ஊதித் துளைகளைத் துப்புரவாக்குவார்கள். அந்தச் சில நொடிகள் தகட்டுக்குப் போகும் வழியை வால்வு அடைத்துவிடும். கடைசியாகச் சொன்ன அளவே வெளியே நிற்கும். அது ஊதும் நேரத்து அளவு என்ற குறியும் கூடவே போகும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தக் கருவியைப் பொருத்தினால் கவலை வேறு: அது உப்பனாற்றை ஒட்டியது, கடலும் எட்டிவிடும் தூரம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்த பகுதி இது. இங்கே மழைநீர் கருவிக்குள் புகாதபடி கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 4 மில்லி ஆம்பியர். கருவி தன் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகிறது. ஓட்டமே இல்லாவிட்டாலும் 4 வரும். 0 வந்தால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். ‘ஒன்றும் போகவில்லை’ என்று கருவி சொல்வதும், கருவியே பேசாமல் போனதும் இங்கே ஒன்றாகிவிடாது. அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே கருவிக்கு வேண்டிய மின்சாரமும் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டே கம்பிகள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு கன மீட்டர் புகையில் 60 மில்லிகிராம் தூசி இருக்கிறது; சுத்தமான காற்றை அதே அளவு கலந்துவிட்டால் 30 ஆகிவிடும். தாளில் பாதி, ஊருக்குள் இறங்குவது அதே தூசி. ஓட்டத்தையும் அளந்து பெருக்கினால்தான் கலப்படம் வெளிப்படும்: செறிவு பாதியான அதே வேளையில் ஓட்டம் இரட்டிப்பாகியிருக்கும். மணிக்குப் பத்து லட்சம் கன மீட்டர், கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் மணிக்கு 30 கிலோ தூசி.

இதே பெருக்கல் மூச்சுக்கும் பொருந்தும். சிப்காட்டை ஒட்டிய சாலையில் தெற்கே போனால் சிதம்பரம். அங்குள்ள கோயில் பொற்கூரையின் 21,600 ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிப்பவை என்பது மரபு. நிமிடத்துக்கு 15 மூச்சு. மருத்துவர்கள் சொல்லும் 12-க்கும் 20-க்கும் நடுவில்தான் வருகிறது. மூச்சுக்கு அரை லிட்டர் என்றால் நாளுக்கு 10,800 லிட்டர், கிட்டத்தட்ட 11 கன மீட்டர். காற்றில் கலந்திருப்பதை அதோடு பெருக்கினால் ஒரு நெஞ்சுக்குள் போவது தெரியும். ஓய்வாக இருக்கும் உடலுக்கான கணக்கு இது. வலை இழுக்கிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இன்னும் கூடும்.

2004-இல் சிப்காட்டைச் சுற்றிய ஊர்மக்கள் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து, நாற்றம் எப்போது, எப்படி வந்தது என்று குறித்துவைத்தார்கள். பக்கெட்டில் காற்று மாதிரியும் பிடித்தார்கள். பத்தாண்டு கழித்து, 2014-இல், மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. ஓட்டக் கருவியின் பதிவும் நேரத்தோடுதான் சேமிக்கப்படுகிறது. குழாய் இணைப்பில் கசிவதை இது பிடிக்காது. புகைபோக்கி வழியே போவதை மட்டுமே அறியும். அதனாலேயே இரவு இரண்டு மணிக்கு ஒருவர் குறித்துவைத்த நாற்றத்தின் பக்கத்தில் அதே நேரத்துப் பதிவை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் புகைபோக்கியில் ஓட்டமே இல்லை என்றால், தேட வேண்டியது வால்விலும் தொட்டியிலும்.